அம்பு ஏறியவர்கள்

செபஸ்தியார் உடம்பில் இருந்த ஐந்து அம்புகளும் எங்கள் முள்ளந்துறை ஆட்கள் ஐந்து பேர் உடம்பில் ஏறிய அந்தத் தை மாதத்துக்கு முன்னால், தேரிக்குடிக் கோயிலுக்குப் போவது என்றால் எங்களுக்கு ஒரு பகல் யாத்திரை, ஒரு வேளைப் பிரியாணி, ஒரு சண்டை, அவ்வளவுதான். கடலோரத்தில் பிறந்து கடலோரத்திலேயே புதைக்கப்படுகிற நாங்கள் வருசத்தில் அந்த ஒரு நாள்தான் கடலுக்கு முதுகைக் காட்டுவோம். விடியும்போது வேன்களில் ஏறி, ஜெபமாலை சொல்லிக்கொண்டே உப்பளங்களைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, சிவந்த மணல் மேடுமேடாகக் குவிந்து கிடக்கிற தேரிக்குள் நுழைந்தால் அங்கே ஊர் கிடையாது, தெரு கிடையாது, கொல்லாமரமும் உடைமரமும்தான். நடுவே சுண்ணாம்பு அடித்த சின்னக் கோயில். அதற்குள்ளே மரத்தோடு கட்டப்பட்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, நெஞ்சிலும் தோளிலும் விலாவிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் அம்பு தைத்து, ஆனாலும் முகம் கோணாமல் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிற செபஸ்தியார். அம்மைக்கும் கொள்ளைநோய்க்கும் அவர்தான் எங்களுக்குப் பொறுப்பு.

சண்டை வருவது நிச்சயம், யாருக்கு மண்டை உடையும் என்பதுதான் வருசாவருசம் மாறும். பொம்பளைகள் வெங்காயம் நறுக்கும்போதே காயத்துக்குக் கட்டப் பழந்துணியையும் கிழித்து வைத்துக்கொள்வார்கள். மண்டை உடைந்தவனுக்குத் திரும்பும் வேனில் ஜன்னலோர சீட்டு, அது அவனுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை. சண்டை எதற்கு என்றால் சப்பரத்துக்கு. மத்தியானம் செபஸ்தியாரைச் சப்பரத்தில் ஏற்றிக் கோயிலைச் சுற்றித் தூக்கிவருவோம். தூக்குகிற கொம்புகளில் முன்வலக் கொம்பு விசைப்படகு வைத்திருக்கிற தொம்மந்திரை குடும்பத்துக்கு உரியது. அவன் அப்பன் தூக்கினான், அப்பனுக்கு அப்பன் தூக்கினான், அதனால் அவனும் தூக்குவான். அந்தக் கொம்பில் வேறொருத்தன் தோள் பட்டுவிட்டால் செபஸ்தியாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிற அளவுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் புத்தி கிடையாது.

அந்த வருசம் கயித்தான் தோளைக் கொடுத்தான். கயித்தான் சின்ன வள்ளத்துக்காரன், கோபக்காரன், மதலேனைக் கட்டி மூன்று வருசம் ஆனவன். கார்த்திகையில் அவன் வள்ளம் காற்றில் கவிழ்ந்து, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு பகலும் இரவும் தண்ணீரில் கிடந்தபோது, உயிரோடு கரை சேர்த்தால் உம்முடைய முன்வலக் கொம்பை இந்தத் தோளில் சுமக்கிறேன் என்று செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டான். பின்கொம்பு ஒன்றை நேர்ந்துகொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சாகக் கிடக்கிறவன் கொடுப்பதைப் பெரிதாகத்தானே கொடுப்பான்?

சப்பரம் கிளம்பும் நேரத்தில் கயித்தான் தொம்மந்திரையை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தான். சப்பரம் சாய்ந்தது, செபஸ்தியார் ஆடினார், பொம்பளைகள் கத்தினார்கள், பூசை வைக்க வந்த சாமியார் மைக்கில் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். தொம்மந்திரை சிரித்தான். எங்கள் ஊரில் தொம்மந்திரை சிரித்தால் குழந்தையைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள்.

"நேர்ச்சைன்னா என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாப்ள. வா, மரத்தடியில போயி பேசித் தீத்துக்கிடுவோம்."

கயித்தான் தயங்கினான். மதலேனின் தம்பி கஸ்பார் வந்து அவன் தோளில் கையைப் போட்டான். கஸ்பார் தொம்மந்திரையின் படகில் வேலை செய்கிறவன். "வாங்க மச்சான், நான்தான் கூட வாரம்லா" என்றான். பொண்டாட்டியின் தம்பி கூப்பிட்ட பிறகு போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். அதனால் கயித்தான் போனான். தொம்மந்திரையும் கஸ்பாரும் படகுக்காரர்கள் இன்னும் மூன்று பேரும் அவனைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் உடங்காட்டுக்குள் போனதைப் பிரியாணி அடுப்பு முன்னால் நின்ற மதலேன் பார்த்தாள். போகிறபோது ஒருத்தன் சப்பரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கவைக்கட்டையை எடுத்துக்கொண்டு போனதை அவள் பார்க்கவில்லை.

பேச்சு என்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு உடைமரங்கள் ஒன்றாக முளைத்த இடத்தில் கவைக்கட்டையால் முதலில் முழங்காலில் அடித்தார்கள், விழுந்ததும் தோளில் அடித்தார்கள், எந்தத் தோளைக் கொடுத்தானோ அந்தத் தோள் மாவாகிற வரைக்கும் அடித்தார்கள், ஆள் மாறி ஆள் அடித்தார்கள், வலையில் சிக்கின சுறாவை அடிக்கிற மாதிரி மூச்சு வாங்க அடித்தார்கள். கஸ்பார் ஓரமாக நின்றான். "நீயும் ஒண்ணு போடுல, இல்லன்னா நாளைக்கு எங்கள மட்டும் கைகாட்டுவ" என்று தொம்மந்திரை கட்டையை அவன் கையில் கொடுத்தான். கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான், அது நெற்றியில் பட்டது, கயித்தான் அதோடு சரி. தேரி மணல் இளகின மணல், மறைக்கத் தெரிந்த மணல். குழி தோண்டி உள்ளே உருட்டி மூடிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். ஐந்து பேரும் இரண்டாம் தடவை சோறு வாங்கினார்கள் என்று பரிமாறினவர்கள் சொல்கிறார்கள்.

அதே நேரத்தில்தான் கோயில்பிள்ளை, அதாவது கோயிலைக் கூட்டித் திறந்து பூட்டுகிறவர், செபஸ்தியார் உடம்பில் ஓர் அம்புகூட இல்லை என்று கண்டுபிடித்தார். அம்பு இருந்த இடத்தில் ஓட்டையும் இல்லை, பெயின்ட் உரியவும் இல்லை, நேற்றுக் குளித்துவிட்டு வந்த வாலிபன் மாதிரி செபஸ்தியார் வழவழப்பாக நின்றார். கோயில்பிள்ளை திருட்டுத்தான் என்று முடிவுகட்டி ஜனங்களின் பைகளைச் சோதித்தார், பிரியாணிச் சட்டிக்குள்கூடக் கரண்டியை விட்டுத் துழாவினார்.

திரும்பும் வேனில் மதலேன் தன் புருசன் எங்கே என்று கேட்டாள். கோபித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்துவிட்டான், லாரி பிடித்துக் கொச்சிக்குப் போய் அங்கே படகில் சேரப்போகிறானாம் என்றான் தொம்மந்திரை. மதலேன் ஜன்னலுக்கு வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் கஸ்பார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் ஏதோ ஒன்று அவள் பிடரியில் இடித்தது.

"ஏல கஸ்பாரு, என்னத்தல வச்சி இடிக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள், இறகு வைத்த ஒரு குச்சி அகப்பட்டது, குச்சியைப் பிடித்துக்கொண்டே திரும்பினாள், குச்சி அவள் தம்பியின் இடது தோளுக்குள் போயிருந்தது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "அய்யோ, புதுச் சட்டையாச்சே" என்றாள். வேனை நிறுத்திப் பார்த்தபோது தொம்மந்திரைக்கு நெஞ்சில் ஒன்று, மற்ற மூன்று பேருக்கும் விலாவிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒவ்வொன்று. ரத்தம் இல்லை, வலி இல்லை. கோயில்பிள்ளையை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள், பாவம், சட்டிக்குள் தேடினாரே என்று. பிறகு டிரைவர் ஹாரன் அடித்ததால் ஏறி உட்கார்ந்து மீதி ஜெபமாலையைச் சொன்னார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், குறடு வைத்து இழுத்துப் பார்த்தார்கள், கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு டி.டி. ஊசி போட்டு அனுப்பினார்கள். ஊரில் தையற்காரர் அம்பு வருகிற இடத்தில் பொத்தான் வைத்துத் திறக்கிற மாதிரி சட்டை தைத்துக் கொடுத்தார். தொம்மந்திரை மல்லாந்து படுக்கப் பழகினான், அவன் மனைவி முதலில் அழுதாள், பிறகு ஈரத் துண்டை அதில் காயப் போட்டாள். ஆரம்பத்தில் ஐந்து பேரும் நடுங்கிப்போய்த்தான் இருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள், கஸ்பார் அம்பை ரம்பத்தால் அறுக்கப் பார்த்தான், ரம்பம்தான் பல் போனது. யாராவது ஒருத்தர் அப்போது வாசலில் நின்று, ஏன்டா உங்களுக்கு மட்டும் என்று ஓர் அதட்டுப் போட்டிருந்தால் ஐந்து பேரும் கக்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் உபதேசியார் முந்திக்கொண்டார்.

உபதேசியார் எங்கள் ஊரில் சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவர், நல்ல குரல், யோசிப்பதற்கு முன்னால் பேசிவிடுகிற குரல். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, செபஸ்தியார் தம்முடைய பாடுகளை நம்முடைய ஊருக்குப் பங்குவைத்துக் கொடுத்திருக்கிறார், இப்பேர்ப்பட்ட பாக்கியம் வேறு எந்தக் கடற்கரைக்கும் கிடைக்கவில்லை என்று சொன்னார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தொம்மந்திரையின் அம்பைத் தொட்டுப் பிள்ளை நெற்றியில் வைத்தாள். காய்ச்சல் விட்டது, காய்ச்சல் என்றால் விடத்தானே செய்யும். பிறகு பிள்ளை இல்லாதவர்கள் வந்து அம்பில் துணித்தொட்டில் கட்டினார்கள், அம்மை வார்த்தவர்கள் அம்புக்கு எண்ணெய் தடவி வழித்துக்கொண்டு போனார்கள், பக்கத்துக் கரைகளிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஐந்து பேரும் கடலுக்குப் போவதை விட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவது போய், அம்பு ஏறியவர்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்கிற வழக்கம் வந்தது. ஆட்டோக்காரன் ஒருத்தன் டீக்கடையில், "செபஸ்தியாருக்கு அம்ப எடுத்துக் குடுக்க நம்ம ஊருல இந்த அஞ்சு ரவுடிப்பயலுவதான் கெடச்சானுவளா?" என்று கேட்டான். மறுநாள் தொம்மந்திரை அவன் பற்களைக் கருங்கல்லில் மோதி எடுத்தான். ஒரு வாரம் கழித்து அந்த ஆட்டோக்காரனே பொக்கை வாயோடு வந்து, வீக்கம் வடியட்டும் என்று அம்பைத் தொட்டுக்கொண்டு போனான்.

மதலேனுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் கடற்கரையில் பிணத்தைப் பார்க்காமல் புருசனுக்கு அழக் கூடாது. உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் அந்த அழுகையே அவனைக் கொண்டுபோய்விடும் என்பார்கள். கடலில் காணாமல் போனவனுக்குக்கூட உடம்பு ஒதுங்குகிற வரைக்கும் பொண்டாட்டி பூ வைத்துக்கொண்டு, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தொண்டைக்குள் கல்லை வைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். தாலியைக் கழற்ற முடியாது, ஆத்தும பூசை கேட்க முடியாது, ஒரு கல்லறை கிடையாது. கயித்தானைக் கொச்சியில் பார்த்தோம் என்று சிலர் வந்து சொன்னார்கள், அங்கே ஒரு மலையாளத்தாளோடு இருக்கிறான் என்று வேறு சிலர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறார்கள். மதலேன் நம்பவில்லை. கொச்சிக்குப் போகிறவன் மாற்றிக் கட்ட ஒரு சாரம்கூட எடுக்காமல் போவானா? அவன் செத்துப்போனான் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. எங்கே கிடக்கிறான் என்பதுதான் தெரியவில்லை.

ஒருநாள் மீன் கூறு வைக்கும்போது தாங்காமல் வாய்விட்டு அழுதுவிட்டாள். மாமியார் ஓடிவந்து எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தாள். "உயிரோட இருக்க எம் புள்ளைக்கி ஒப்பாரி வைக்கியா, தட்டுவாணி?" அறைந்த கையாலேயே அவள் வாயையும் பொத்தினாள். அவளுக்கும் அழத்தான் ஆசை, அவளுக்கும் அனுமதி இல்லை. மதலேன் கூடையைப் போட்டுவிட்டு நேரே தொம்மந்திரை வீட்டு முற்றத்துக்குப் போய், கும்பிட வந்த கூட்டத்தின் நடுவில் நின்று, எம் புருசன் எங்க என்று கேட்டாள். தொம்மந்திரை எழுந்து வந்து அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துக் கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளினான். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. அம்பு ஏறியவர் ஒரு பொம்பளையைத் தண்ணீரில் முக்குகிறார் என்றால் அதற்கும் ஒரு நோய் தீருமாக்கும் என்று மறுநாள் இரண்டு பொம்பளைகள் தங்களையும் முக்கச் சொல்லி வந்தார்கள்.

கஸ்பாரிடம் மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் எழுந்து போய்விடுவான். தூக்கி வளர்த்த தம்பி கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்றால் அக்காளுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பகல் முழுக்க அவன் முகத்தையும் அம்பையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறு தை வந்தது. அந்த வருசம் தேரிக்குடிக்கு முள்ளந்துறை மட்டும் போகவில்லை, எந்தெந்த ஊரிலிருந்தோ பஸ்களும் லாரிகளும் மணலில் சக்கரம் புதையப் புதைய வந்தன. சொரூபத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, அம்பில்லாத செபஸ்தியாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுப் பந்தலுக்கு ஓடினார்கள். பந்தலில் ஐந்து நாற்காலி, ஐந்து மாலை, ஐந்து மின்விசிறி. வரிசையாக வந்து அம்பைத் தொட்டுக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். மதலேன் வரிசையில் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து முள்ளந்துறைக்காரர்களுக்குச் சந்தோசம், கடைசியில் புத்தி வந்ததே என்று. முதல் நாற்காலியில் கஸ்பார் இருந்தான். அவள் குனிந்து, மற்றவர்களைப் போல ஒரு கையால் அம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கல போட்டிய?"

"யக்கா, ஆளுக நிக்காவ. நகந்து போ."

"எனக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம் கஸ்பாரு. போலீசு வேண்டாம், சண்ட வேண்டாம். எடத்த மட்டும் சொல்லு. நான் போயி அழுதுட்டு வந்துருதேன்."

கஸ்பார் வாயைத் திறந்தான். மூன்று நாற்காலி தள்ளி இருந்த தொம்மந்திரை தொண்டையைச் செருமினான். கஸ்பார் வரிசையில் அடுத்து நின்ற ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

திருக்கை முள் கையில் ஏறினால் பின்னால் இழுக்கக் கூடாது, சதையைப் பிய்த்துக்கொண்டு வரும், வராமலும் போகும், முன்னால் தள்ளி மறுபக்கம் எடுக்க வேண்டும் என்று எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். அம்பு விசயத்தில் மட்டும் ஒரு வருசமாக ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் அதை எடுக்க ஒருத்தருக்கும் உண்மையில் மனம் இல்லை. மதலேன் இரண்டாவது கையையும் கொண்டுவந்து அம்பைச் சேர்த்துப் பிடித்தாள், காலை மணலில் ஊன்றினாள், தள்ளினாள்.

ஒரு வருசத்து வலியும் மொத்தமாக வந்தது. கஸ்பார் போட்ட சத்தத்தில் கொல்லாமரத்துக் காக்காய்கள் எல்லாம் எழும்பின. அவள் விடவில்லை, தன் நெஞ்சை இறகுப் பக்கத்தில் வைத்து அழுத்தி, எலும்பு நெரிகிற சத்தத்தையும் தாண்டித் தள்ளினாள், ரத்தம் அவள் முகத்தில் பீய்ச்சியது, அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான், அவளும் அவன் மேலே விழுந்தாள், தள்ளிக்கொண்டே கேட்டாள், எங்கல, எங்கல, எங்கல. அம்பு முதுகுப் பக்கம் வெளியே வந்து மணலில் விழுந்தபோது அவன் சொல்லிவிட்டான்.

"ரெட்ட உடைக்குக் கீழ. நான்தான்க்கா. நெத்தியில அடிச்சது நான்தான்."

தொம்மந்திரை பாய்ந்து வந்து அவள் இடுப்பில் உதைத்தான். கவைக்கட்டை கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அதை எடுத்து அவள் முதுகில் போட்டான், மறுபடியும் போட்டான். தடுக்க ஒருத்தரும் வரவில்லை. செபஸ்தியார் கோயிலில் பேய் பிடித்த பொம்பளைகள் அலறுவதும் ஆடுவதும் அடி வாங்குவதும் வழக்கம்தான், அவளுக்குப் பேய் இறங்குகிறது என்று ஜனங்கள் நினைத்தார்கள், நல்லா அடிங்க, போயிரும் என்று ஒரு கிழவர் ஊக்கம் கொடுத்தார். கஸ்பார் கிடந்தபடியே தொம்மந்திரையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், கட்டை அவன் முதுகில் விழுந்தது. அந்த இடைவெளியில் மதலேன் எழுந்தாள். பேய் பிடித்தவள் ஓடினால் வழிவிட வேண்டும், தொட்டால் தொட்டவருக்கு ஏறிக்கொள்ளும், அதனால் அத்தனை பெரிய கூட்டம் அவளுக்கு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பிரியாணி அடுப்புக்குக் குழி வெட்டின மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு உடங்காட்டுக்குள் போனாள்.

தொம்மந்திரை அவள் பின்னால் ஓடத்தான் பார்த்தான். ஆனால் ஜனங்கள் ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள். ஒரு வருசமாகச் சொட்டு ரத்தம் வராத அம்பிலிருந்து ரத்தம் வருகிறது, தள்ளினால் வருகிறது. முதலில் ஒருத்தி முந்தானையை மணலில் ஒற்றினாள், பிறகு கைக்குட்டைகள், துண்டுகள், குழந்தையின் சட்டைகள். கஸ்பாரைச் சுற்றி இருந்த மணல் காய்ந்ததும் மற்ற நாலு பேர் பக்கம் திரும்பினார்கள். பக்தியோடுதான் திரும்பினார்கள். ஒருத்தர் சிலுவை போட்டுக்கொண்டு தொம்மந்திரையின் அம்பைப் பிடித்து மெதுவாகத் தள்ளினார், அவருக்குப் பின்னால் நின்றவர் அவரைத் தள்ளினார், அவருக்குப் பின்னால் நாலு பஸ் ஜனம் தள்ளியது. "நாங்கதான் கொன்னோம், நாங்கதான் கயித்தான அடிச்சிக் கொன்னோம், விட்ருங்க" என்று தொம்மந்திரை கதறினான். உபதேசியார் மைக்கில் ஆமேன் என்றார், கூட்டம் ஆமேன் என்றது. அவர் நம்முடைய பாவங்களைத் தம் பாவம் என்று சொல்கிறார், எவ்வளவு தாழ்ச்சி பாருங்கள் என்று உபதேசியார் விளக்கினார். தொம்மந்திரை அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான், பேர் சொன்னான், கட்டையைக் காட்டினான், கூட்டம் இன்னும் சத்தமாக ஆமேன் சொன்னது. அவனுக்கு அம்பு பின்பக்கம் வெளியே வந்தபோது அவன் வாயிலிருந்து சத்தம் வருவது நின்றிருந்தது. மற்ற மூன்று பேரும் பிழைத்தார்கள், ஒருத்தனுக்கு இன்றைக்கும் கால் மடங்காது.

இரட்டை உடைக்குக் கீழே மதலேன் தோண்டிக்கொண்டிருந்தாள். கஸ்பார் தோளைப் பொத்திக்கொண்டு தள்ளாடி வந்து நின்றான்.

"யக்கா, நான் தோண்டுதேன்."

"கிட்ட வராத."

"ஒத்தையில முடியாதுக்கா."

"போன்னா போல."

அவன் கீழே விழுந்த அம்பைக் கையில் கொண்டுவந்திருந்தான். அதோடு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தான். போலீஸ் ஸ்டேசன் அந்தப் பக்கம்தான், போய்ச் சேர்ந்தான்.

முதலில் நீலக் கட்டம் போட்ட சாரம் வந்தது, பிறகு கழுத்து எலும்பில் சுற்றின, மாதா படம் தைத்த உத்தரியம் வந்தது, பிறகு கயித்தான் வந்தான். காய்ந்த மணல் அவனைப் பாதிதான் தின்றிருந்தது. நெற்றி உள்ளே போயிருந்தது. வலது தோள் என்று அங்கே ஒன்றும் இல்லை, நொறுங்கின சுண்ணாம்புச் சிப்பிகள் மாதிரி சில துண்டுகள் கிடந்தன. அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் கால் சத்தம் கேட்டது. பந்தலில் முடித்துவிட்டு ஜனங்கள் வந்திருந்தார்கள், கையில் சிவந்த கைக்குட்டைகளோடு, முகத்தில் மத்தியானப் பூசை முடிந்த நிறைவோடு. எலும்பைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தர் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

"எந்தப் புனிதரும்மா இவரு?" என்று கிழக்கே எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய பொம்பளை கேட்டாள்.

"கயித்தான். எம் புருசன்."

"புனித கயித்தானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் அந்தப் பொம்பளை. சொல்லிவிட்டு முழந்தாளில் விழுந்து குழிக்குள் கையை விட்டு, தோள் இருந்த இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தாள்.

மதலேன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அந்த மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, துண்டு விழுந்தது, பொம்பளை அலறினாள்.

"புனிதரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குடிப்பான். கோவம் வந்தா சட்டிய ஒடப்பான். பூசைக்குப் போவச் சொன்னா படுத்துத் தூங்குவான். ஒரு கட்டைக் கொம்ப தோள்ல வச்சான்னு இவன அடிச்சிக் கொன்னுபோட்டாவ. இவன் யாருக்கும் ஒண்ணும் தர மாட்டான். இவன் எனக்கு மட்டும்தான்."

ஒருத்தரும் நகரவில்லை. இன்னும் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தார்கள். அவள் கண் கலங்குவதைப் பார்த்த ஒருத்தர் அந்தக் கண்ணீரையும் ஒற்றிக்கொள்ளக் கைக்குட்டையில் காய்ந்த மூலையாகப் பார்த்து விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். மதலேன் இந்தத் தடவை இரும்புப் பக்கத்தைத் தூக்கினாள். அவர் காது போயிருக்கும், தலையைக் குனிந்ததால் தப்பித்தார். அவள் குழியைச் சுற்றி ஓடி ஓடி வீசினாள், யார் எவர் என்று பார்க்காமல் வீசினாள், சொந்த ஊர்க்காரர்கள் மேலும் வீசினாள்.

"போங்க. எல்லாரும் போங்க. ஒரு வருசமா என்னைய அழ விடல. நான் அழணும்."

போனார்கள். கடைசி ஆள் உடங்காட்டைத் தாண்டுகிற வரைக்கும் அவள் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. பிறகு குழிக்குள் இறங்கி உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள், கண் இருந்த இடத்திலிருந்து மணலை ஊதினாள். உடனே அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "வேற நேர்ச்சையே கெடைக்கலியால ஒனக்கு?" என்று கேட்டு அந்தக் காய்ந்த கன்னத்தில் ஓர் அறை அறைந்தாள், வீட்டில் அறைகிற மாதிரியே, வலிக்காமல். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள், தேரி முழுக்கக் கேட்கும்படி அழுதாள், வாயைப் பொத்த ஒருத்தரும் இல்லாமல் அழுதாள்.